துண்டுக்கு அடியில்

பிளாஸ்திரி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றிய ராஜாத்தி, இறந்துபோன கணவன் தீர்த்தகிரியின் வலது விலாவில் ஊசித் தழும்பைத் தேடினாள். இருந்ததெல்லாம் வழவழப்பான தோலும் கொஞ்சம் பசையும்தான். வயிற்றில் மட்டும் குடல் கட்டியை எடுத்த பழைய வெட்டு, நீளமாக.

தீர்த்தகிரி மாட்டுத் தரகர். சூளகிரிப் பக்கம் காடுகழனியெல்லாம் கம்பெனியான பிறகும், மிச்சமிருந்த மாடுகளை மிச்சமிருந்த ஆட்களுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர். குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டதாகப் பெங்களூரில் சொன்னார்கள். கத்தி வேண்டாம், விலா வழியாக ஊசியை விட்டுக் கட்டியைச் சுட்டுவிடலாம், மறுநாளே வீடு என்றார்களாம். கூட்டாளி திம்மராயனோடு போனார், பிளாஸ்திரியோடு வந்தார். சுட்டாச்சு என்றார். ராஜாத்தி அஞ்செட்டிக்குப் போய் வேண்டுதல் மொட்டை போட்டுக்கொண்டாள். அப்புறம் கண் மஞ்சளாகிக் கால் வீங்கியபோதும், உள்ளே சூடு ஆறுகிறது என்றார். காற்றுப் படக்கூடாதென்று பிளாஸ்திரியைத் தானே மாற்றிக்கொள்வார், கதவைச் சாத்திக்கொண்டு.

திம்மராயன் வாசலில் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கேட்டாள்.

"சுட்டாங்கம்மா. நான் வெளியதான உக்காந்திருந்தேன்" என்றார் தரையைப் பார்த்து.

சந்தையில் தரகர்கள் வாயால் எதையும் சொல்வார்கள், கிழட்டு மாட்டைக் கன்று என்பதுவரை. துண்டுக்கு அடியில் எதிராளியின் விரல்களை எண்ணிப் பிடித்து விலை பேசும்போது மட்டும் பொய் கிடையாது. அங்கே ஏமாற்றியவனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் யாரும் கை கொடுப்பதில்லை.

ராஜாத்தி கணவனின் துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

"எத்தனை ஊசிண்ணா? புடிங்க."

அவர் கை தயங்கி உள்ளே வந்தது. ஒரு விரலையும் பிடிக்கவில்லை.

"சின்னதா ரெண்டு கட்டிதாம்மா இருந்துச்சு" என்றார் பிறகு. "டாக்டரு சொல்ற மொதப் பேச்சுக்கே தலையாட்டுனா நான் என்னா தரகன்னு எந்திரிச்சிட்டான். பின்னாலயே கூப்புடுவாரு, ஊசியிலருந்து மாத்திரைக்கு எறங்கி வருவாருன்னான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தான். மறுக்கா போனப்ப, பெருசாயிடுச்சு, இனி ஊசிக்கு அடங்காதுன்னுட்டாங்க."

"பிளாஸ்திரி?"

"நாந்தான் வாங்கியாந்தேன். உங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கிட்டான்."

தண்ணீர்க் குடங்கள் வந்துவிட்டன. துண்டைத் தோளில் போட்டு அனுப்பணும், கொடு என்றாள் நாத்தனார் பொற்கொடி.

ராஜாத்தி கொடுக்கவில்லை. திம்மராயன் கையை இழுத்துக்கொண்ட பிறகும், துண்டுக்கு அடியில் அவள் விரல்கள் விரிந்தபடியே இருந்தன.