ஒரேயொரு ஈத்தம்பழம்

வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையைத் தாதி மிஸ்ஸி நீட்டினாள். லாபிர் ஏந்திக்கொண்டான். ஏழு மாதம்கூட நிறையாமல் பிறந்து, பதினேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து உயிர்விட்ட மகன். இரத்தத்தில் பங்கஸ் கிருமி பரவிவிட்டது என்று நான்கு நாட்களுக்கு முன்தான் சொன்னார்கள். பேக்கரிப் பாணில் பூக்கிற பூசணத்துக்கு உறவான கிருமியாம்.

அன்றிலிருந்து லாபிருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிறந்த ஆறாம் நாள் மிஸ்ஸி அந்தப்பக்கம் திரும்பிய நேரம், ஈத்தம்பழத்தை மென்று, அந்தச் சாற்றை விரலால் குழந்தையின் நாக்கில் தொட்டுவைத்தவன் அவன்தான். பிறந்த பிள்ளைக்கெல்லாம் செய்கிற வழமை, தன் பிள்ளைக்கு மட்டும் இல்லாமற் போவதா என்ற ஆசை. கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனான். கழுவிய விரலைத் தன் வாயில் வைத்த மடையனும் அவன்தான். மனைவி பஸ்லினாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

வாசலில் டொக்டர் கோசலா நின்றார்.

"டொக்டர், இந்தக் கிருமி எப்படி வந்திச்சு?"

"குறைமாதப் பிள்ளையளுக்கு எதிர்ப்புச் சக்தி காணாது. தோலால வரலாம், குழாயால வரலாம், தொடுற கையால வரலாம். இன்னதாலதான் எண்டு சொல்லேலாது."

"வாயால?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்ல, சும்மா கேட்டன்."

"உங்களில ஒரு பிழையும் இல்லை. மனதைப் போட்டுக் குழப்பாதேங்கோ."

உண்மை தெரியாமல் சொன்ன ஆறுதல் அது. அவனுக்கு அது உதவவில்லை.

முச்சக்கர வண்டியில் பஸ்லினா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அக்குறணை வீடு வரையான பாதையும் குளிப்பாட்டும் நேரமும்தான் அவளுக்கு மிச்சம்.

"இங்க, புள்ளட வாயில ஈத்தம்பழம் தொட்டு வெச்சீங்களா?"

லாபிர் வெளியே பாதையைப் பார்த்தான்.

"ஊசியும் குழாயும் தவிர இந்தப் புள்ள ஒண்டும் காணல்ல. ஒரு சொட்டு இனிப்பாவது பட்டிச்சா?"

ஆம் என்றால் அவள் மனம் ஆறும். பிறகு எப்போது, எப்படி என்று கேட்பாள்.

"இல்ல," என்றான்.

அவள் அழவில்லை. "வண்டிய நிப்பாட்டச் செல்லுங்க. ஒரு பழம் வாங்கிட்டு வாங்க. நானே தொட்டு வெக்கிறன்."

"பஸ்லினா, மௌத்தான புள்ளக்கி..."

"வாங்கிட்டு வாங்க!"

கட்டுகஸ்தோட்டையில் இறங்கினான். எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. கடைக்குள் போனான்.

"ஈத்தம்பழம். ஒண்டு போதும்."

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "புள்ள கெடச்சீக்கா? என்ன புள்ள?"

"ஆம்புளப் புள்ள."

"மாஷா அல்லாஹ்!"

பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ஆக மிருதுவான பழமாகத் தேடி எடுத்தார் அவர்.

"சல்லி வேணாம். புள்ளக்கி நான் தந்ததா ஈக்கட்டும்."

லாபிர் கையை நீட்டினான்.