ஆர்கன் வாசிக்கும் வேலம்மாவைப் பற்றி அரைப் பக்கம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. 1986இல், கொடைக்கானலில் உள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகர், அவர்களுடைய ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். பொருள்: ஆலயத்து ஆர்கன். காலால் மிதித்துக் காற்று நிரப்பி, கையால் வாசிக்கிற பெரிய மரப்பெட்டி அது. ஹார்மோனியத்துக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது பழனியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். சங்கீதம் தெரியாது. தெரியாது என்று சொன்னேன். தமிழ் தெரியுமே, அது போதும் என்றார் போதகர்.

அரைப் பக்கம் எழுத ஒரு மத்தியானம் போதும் என்று பஸ் ஏறினேன். ஆலயத்துக்குள் நுழைந்தபோது ஒரு அம்மாள் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, வாசிப்பதை நிறுத்தவில்லை. நடுநடுவே பேசினார். அதன்பிறகு நான் பலமுறை மலையேற வேண்டியிருந்தது. மலர் வெளிவந்துவிட்டது. என்னுடைய அரைப் பக்கம் இன்னும் முடியவில்லை.

2

என் முதல் தொடக்கம் இது:

“கொடைக்கானலில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்”

அதோடு நிறுத்திவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் பனியை இறக்கிவிட்டுத்தான் ஆளை இறக்குகிறார்கள்.

இரண்டாவது:

“மலையடிவாரத்திலிருந்து வெள்ளகவி ஒற்றையடிப் பாதை வழியாக, அந்தக் காலத்தில் தலைச்சுமையாக வந்து சேர்ந்த இந்த ஆர்கன்”

இது உண்மையா என்று விசாரித்தேன். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, போடுங்கள் சார் என்றார்கள். போடவில்லை.

மூன்றாவது: “வேலம்மாவுக்கு ஆர்கன் வாசிக்க வராது.”

இது நிற்கும் என்று தோன்றியது. 1977இல் இது முழு உண்மை.

வேலம்மா இலங்கையில், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக 1973இல் கணவர் அழகையாவோடு வந்து, கடைசியில் இந்த மலையில் தங்கினார். அழகையாவுக்குக் காட்டில் மரக்கன்று நடும் கூலிவேலை. வேலம்மாவுக்கு ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை. அழகையா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். வேலம்மா தோட்டத்திலேயே, தாய் வழியில், சபையைச் சேர்ந்தவர். இங்கே வந்ததும் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்களாம். இருக்கிற பெயரையே இரண்டு நாட்டில் பதிய வேண்டியதாகிவிட்டது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

(முதல் வரைவில் ‘அவள்’ என்று எழுதியிருந்தேன். நம் கதைகளில் சமையல் வேலை செய்கிற பெண் என்றால் தானாக ‘அவள்’ வந்து விழுகிறது. பின்னால் வரப்போகிற சற்குணம் சாருக்கு ‘அவர்’ என்றால் இவருக்கும் ‘அவர்’தான்.)

3

ஆர்கனை வாசித்துவந்த வெள்ளைக்கார அம்மாள் 1977இல் தம் ஊருக்குத் திரும்பிப் போனார். போகும் முன் சில மாதங்கள் வேலம்மாவுக்குச் சங்கீத நோட்ஸ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்துச் சபையில் ஹார்மோனியத்தை ஒரு கையால் வாசித்த பழக்கம் வேலம்மாவுக்கு இருந்தது. சபையில் வேறு யாருக்கும் அதுகூட இல்லை. ஆகவே அடுத்த ஞாயிறு அவரை உட்காரவைத்தார்கள்.

முதல் இரண்டு வரி நன்றாகப் போனது. மூன்றாவது வரியில் இடது கை ஒரு பக்கமும் வலது கை ஒரு பக்கமும் போயின. கால் மிதிப்பதை மறந்தது. ஆர்கன் மூச்சிறங்கி முனகியது. சபை ஒரு கணம் நின்றது. பாடகர் குழுத் தலைவர் சற்குணம் சார், ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தர், கனத்த குரல். அவர் கையை உயர்த்தித் தாமே பாட்டை எடுத்தார். சபை அவர் பின்னால் போய்விட்டது. மிச்சமிருந்த ஆராதனை முழுவதும் வேலம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிச்சுப் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போகணும்னா சபை பூராவையும் தாண்டித்தான் போகணும். அதுக்கு உக்காந்திருக்கறதே தேவலைன்னு இருந்துட்டேங்க.”

அந்த வாரம் கமிட்டி கூடியது. ஏரிக்கரைப் பக்கம் புதிதாக வந்த ஒரு ஹோட்டல், முன்கூடத்தில் அழகுக்கு வைக்க அந்த ஆர்கனைக் கேட்டிருந்தது. வாசிக்க ஆளில்லாத பெட்டி எதற்கு, கொடுத்துவிடலாம் என்றார் சற்குணம் சார். போதகர் தயங்கினார். ஈஸ்டர் வரை பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். இதற்குப் பிறகு நடந்தது பயிற்சி. பயிற்சியைக் கதையாக எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன்:

“திங்கட்கிழமை வேலம்மா வாசித்தார். வரவில்லை. செவ்வாய்க்கிழமை வாசித்தார். வரவில்லை. புதன்கிழமை”

நீங்கள் புரட்டிவிடுவீர்கள். நானே புரட்டினேன்.

நடந்தது அதுதான். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி முடித்தபின், இரவுச் சமையலுக்கு அடுப்பு மூட்டும் வரை விடுதியில் ஓய்வு. மற்றவர்கள் வெயில் பட உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், தூங்குவார்கள். வேலம்மா ஆலயத்துக்கு வருவார். மார்கழியில் பாத்திரம் கழுவிய தண்ணீரில் கை விறைத்துப்போகும். ஆர்கன் கட்டைகளை அழுத்தினால் அழுத்தியது தெரியாது. கொஞ்ச நேரம் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை மட்டும் மிதித்துப் பழகுவார்.

அழகையாவுக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் விடிகாலையில், தூக்கம் கலைந்தவர் கேட்டாராம்:

“ஏ புள்ள, எம் முதுகுல என்ன பாட்டு வாசிக்கிற?”

“பாட்டு இல்ல. எடது கை மட்டும்.”

அவர் இன்னும் கொஞ்சம் குப்புறப் படுத்துக் கொடுத்தார். (இதை வேலம்மா சொல்லவில்லை. அழகையா சொன்னார். போடலாமா என்று வேலம்மாவிடம் கேட்டேன். வாசித்துக்கொண்டே போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை.)

மாதம் இரண்டாகியும் மூன்றாவது வரி வரவில்லை. பிறகு ஒருநாள் அவருக்கு ஒன்று விளங்கியது. தினமும் பாட்டை முதலிலிருந்தே எடுக்கிறோம். உடைந்ததும் திரும்ப முதலுக்குப் போகிறோம். ஆகவே முதல் வரி தேய்ந்து பளபளப்பாகிவிட்டது, மூன்றாவது வரிக்கு வரும்போது நேரம் முடிந்துவிடுகிறது. அன்றிலிருந்து நேராக மூன்றாவது வரியில் உட்கார்ந்தார். இரண்டே சுரம். அது வந்தால் மூன்று. வேகத்தை நத்தை அளவுக்குக் குறைத்தார்.

(நானும் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து திருத்துவதை, அவர் இதைச் சொன்ன அன்றுதான் நிறுத்தினேன்.)

5

ஆலயத்தை ஒட்டி இப்ராம்சாவின் கம்பளிக் கடை. வாரநாட்களில் ஆலயத்துக்குக் காவல் கிடையாது என்பதால் சாவி அவரிடம்தான் இருக்கும். நடுவில் ஒரே சுவர். அந்த ஆறேழு மாதப் பயிற்சியை ஒருநாள் விடாமல் கேட்ட ஒரே மனிதர் அவர். அதாவது, கேட்க வேண்டியிருந்தவர்.

அவர் அலுத்துக்கொண்டதாக ஒரு காட்சி எழுதினேன். கடைக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் சத்தம் தாளாமல் ஓடுவதுபோலச் சிரிப்பாக வந்தது. அவரிடம் படித்துக் காட்டியதும், அப்படி ஒன்றும் இல்லை என்றார். மத்தியானத்தில் வியாபாரம் குறைவு. சத்தம் ஒரு துணை. ஒருமுறை வேலம்மா காய்ச்சலில் படுத்துவிட்டபோது, இரண்டு நாள் பொறுத்துவிட்டு, ஆள் எப்படி இருக்கிறது என்று விடுதிக்கே போய் விசாரித்திருக்கிறார். தம் மனைவி மதீனா பீவியிடம் சொல்லிக் கஞ்சியும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

மாசி மாதம் ஒருநாள் வேலம்மா சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இப்ராம்சா சொன்னார்:

“எனக்கு உங்க பாட்டு தெரியாதும்மா. ஆனா ஒரு எடத்துல தெனமும் நிப்பீங்க. இன்னைக்கு நிக்காமப் போயிட்டீங்க. துணி அளந்துக்கிட்டு இருந்தவன், கையில கெஜக்கோலோட நின்னுட்டேன்.”

வேலம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. அவர் அடுத்த உடைசலில் கவனமாக இருந்தார்.

6

ஈஸ்டர். நான் முதலில் எழுதிய முடிவு இங்கே வந்தது. வேலம்மா பிசகில்லாமல் வாசிக்கிறார். பின்வரிசையில் ஹோட்டல் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகிறார். சற்குணம் சார் தலைகுனிகிறார். நல்ல முடிவுதான். வேலம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கட்டைகளிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார்.

“அன்னைக்கு ரெண்டு எடத்துல தப்புங்க. ஓட்டல்காரங்க யாரும் வரல.”

இரண்டு இடத்தில் தப்பு வந்தும் அவர் நிற்கவில்லை. சபையும் நிற்கவில்லை. அடுத்த கமிட்டியில் ஆர்கன் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. வெற்றி என்பது சில சமயம், ஒரு விஷயம் பேச்சில் வராமல் போவதுதான்போலும்.

7

சற்குணம் சாரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்கு ஒரு எதிரி தேவை, அவர் பொருத்தமாக இருந்தார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஆர்கன் அருகே வந்து, இன்று எந்தப் பாட்டு இழுத்தது, எந்தப் பாட்டு ஓடியது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவரை நன்றாக இருட்டாக்கி எழுதி வைத்திருந்தேன். வேலம்மா இதைக் கேட்டதும் வாசிப்பதை நிறுத்தினார். அது ஒருமுறைதான் நடந்தது.

“அவரக் கெட்டவராக்காதீங்க சார்” என்றார்.

பிறகு 1981 ஐப்பசியில் நடந்ததைச் சொன்னார்.

சற்குணம் சாரின் மனைவி இறந்துபோனார். நல்ல மழை. ஆலயத்தில் அடக்க ஆராதனை. பாட்டை வேறு யாராவது நடத்தட்டும் என்று போதகர் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. மனைவிக்குப் பிடித்த பாட்டு, நான்தான் பாடுவேன் என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். முதல் சரணம் முழுதும் குரல் அசையவில்லை. இரண்டாவது சரணத்தின் நடுவில் குரல் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவர் நின்றதால் சபையும் நின்றது.

வேலம்மா மேலே போகவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அழுத்திய கட்டைகளை அப்படியே பிடித்திருந்தார். அசையாத அந்தக் கைகளுக்குக் கீழே, கால்கள் மட்டும் மெதுவாக மிதித்துக்கொண்டே இருந்தன. அந்த ஒரே நாதம் ஆலயத்தில் நின்றது. வெளியே தகரத்தில் மழை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. சற்குணம் சார் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. விட்ட சொல்லிலிருந்தே அவர் எடுத்தார். ஆர்கன் கூடவே போனது.

“நான் யோசிச்சுச் செய்யலீங்க. முன்னாடின்னா, பாட்டு நின்னுட்டா பயத்துல கை ஓடிடும். அன்னைக்குக் கை அது பாட்டுக்கு இருந்துச்சு. காது சும்மா இருந்ததால அவரு மூச்சு கேட்டுச்சு. அவ்வளவுதான்.”

பயிற்சி என்றால் என்ன என்று நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கக் கட்டுரையை இந்த இடத்தில் நீக்கியிருக்கிறேன்.

சற்குணம் சார் நன்றி சொன்னாரா? அதற்கடுத்த ஞாயிறு ஆர்கன் அருகே வந்தார். வழக்கம்போல நின்றார். இரண்டாவது பாட்டு இழுத்தது என்றார். வேலம்மா ஆமாங்க என்றார். உண்மையிலேயே இழுத்திருந்தது. இவர்கள் இருவரும் கண்கலங்கி ஏதோ பேசிக்கொண்டதாக ஒரு பத்தி எழுதி, அன்றே அடித்துவிட்டேன்.

8

முடிவு. நான் கடைசியாகப் போனபோது வேலம்மா புதிதாக ஒரு பாட்டில் உட்கார்ந்திருந்தார். கடினமான பாட்டு. கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டும். வாசித்துக்கொண்டே, சமையலில் உப்புப் போதவில்லை என்று சொல்வதுபோல ஒரு செய்தி சொன்னார். அழகையாவுக்கு இந்தக் குளிர் இனி ஆகாது. மூச்சு இழுக்கிறது. இறங்கிப் போய்விடச் சொல்கிறார் டாக்டர். கீழே பாலசமுத்திரத்தில் ஒரு தென்னந்தோப்பில், வீட்டோடு காவல் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஆர்கன் உள்ள ஆலயம் எதுவும் இல்லை.

அவருக்காகச் சில முடிவுகள் யோசித்தேன். அழகையா மட்டும் இறங்குகிறார், இவர் வாரம் ஒருமுறை போய்வருகிறார்: இது வேலம்மா செய்யக்கூடியதல்ல. சபை ஆர்கனை அவருக்கே கொடுத்துத் தென்னந்தோப்புக்கு அனுப்புகிறது: இது எந்தக் கமிட்டியும் செய்யக்கூடியதல்ல. இறங்கிப் போய், முற்றத்தில் உட்கார்ந்து, வேலையில்லாத விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்: எழுதலாம்தான். ஆனால் நான் பார்த்த வேலம்மா விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை.

“போறதுன்னு முடிவாயிருச்சாம்மா?” என்று கேட்டேன்.

“அவருக்கு மூச்சு முட்டுதுங்களே. போகாம?”

“அப்ப எதுக்கு இந்தப் புதுப் பாட்டு? யாருக்கு வாசிக்க?”

கேள்வி விளங்காததுபோல என்னைப் பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தை முகவாயால் காட்டினார்.

“இது இன்னும் வரலீங்களே.”

திரும்பிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் எப்போது இறங்கினார், அந்தப் பாட்டு அதற்குள் வந்ததா என்பதை எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது வேண்டுமென்றால் நீங்கள்தான் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவசரம் வேண்டாம். இப்போது அவர் மறுபடியும், கை தாண்ட வேண்டிய அந்த இடத்திலிருந்து