சம்பந்தி காரின் வைப்பர்

எனக்குக் கோபம் வரும் என்று பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தறியில் உட்கார்ந்திருக்கும்போது வராது, எழுந்தால் வரும். அதனால்தான் என் பெண் சங்கரி போன் செய்தபோது என்னை முன்கூட்டியே எச்சரித்தாள்.

"ப்பா, நாளைக்கு நாலு மணிக்கு எங்க மாமனாரே வந்து காரை எடுத்துக்கினு போறாராம். இந்த ஒரு தடவை வாயை மூடிக்கினு இருப்பா. நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறது நான்தான்."

சம்பந்தி ராமலிங்கம் முசரவாக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். நான் பட்டு நெய்கிறவன். சங்கரியும் அவர் பையன் அருளும் தாங்களாகவே முடிவு செய்துகொண்ட கல்யாணம் அது. மேடையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றோம். அதற்குப் பிறகு ஆறு மாதமாக மனிதர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆடிப்பூரத்துக்கு அழைத்தேன், முதுகு வலி என்றார். நவராத்திரிக்கு அழைத்தேன், உரம் வருகிறது என்றார். உரம் ஒன்பது நாளுமா வரும்?

எனக்கு அதில் தனியாக ஒரு எரிச்சல் இருந்தது. கல்யாணத்துக்காக அவருக்கு என் கையாலேயே ஒரு பட்டு வேட்டி நெய்து கொடுத்திருந்தேன். விவசாயி ஆயிற்றே என்று கரை முழுக்க நெற்கதிர் போட்டேன். அந்தக் கரையை அதற்கு முன்னும் யாருக்கும் போட்டதில்லை, பின்னும் போடவில்லை. கல்யாணத்தன்று கட்டியதோடு சரி. அப்புறம் ஒரு போட்டோவில்கூட அந்த வேட்டியைக் காணோம்.

தலைதீபாவளிக்குப் பிள்ளைகள் அவருடைய காரில்தான் வந்தார்கள். விருந்து முடிந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இங்கிருந்தே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். கார் எங்கள் வாசலில் நின்றது. அதை எடுக்கத்தான் அவர் வரப்போகிறார்.

மறுநாள், ஞாயிறு காலையில் காரைக் கழுவினேன். ஒரு பொட்டு குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று வைராக்கியம். பானெட்டைத் திறந்தேன். வைப்பர் படம் போட்ட நீல மூடிக்குக் கீழே சின்னத் தொட்டி காலியாகக் கிடந்தது. சுவரோரம் இருந்த கேன் தண்ணீரை அதில் ஊற்றி நிரப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்து வைப்பர் பிடியை இழுத்தேன். கண்ணாடியில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகப் பீச்சியது. பழைய அழுக்கு என்று நினைத்து இன்னும் நாலு தடவை இழுத்தேன். வைப்பர் நன்றாகத் தடவிக் கொடுத்தது. அப்படியே நிறுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

மழைக்கு நடுவில் வரும் வெயில் சுள்ளென்று அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். வைப்பரைப் போட்டேன். உள்ளே 'ங்ங்ங்' என்று சத்தம் வந்தது, கைகள் அசையவில்லை. இன்னொரு தடவை போட்டேன். 'டக்' என்றது. அதற்குப் பிறகும் சத்தம் மட்டும்தான்.

கேனை முகர்ந்து பார்த்தேன். அது தண்ணீர் இல்லை, பாவு நூலுக்குப் போட நானே முந்தின நாள் வடித்து வடிகட்டி வைத்த அரிசிக் கஞ்சி. தெருவில் நீட்டிக் கட்டிய பட்டு நூலைக் கம்பியாக நிறுத்துகிற கஞ்சி அது. ரப்பரை மட்டும் விட்டுவிடுமா?

"காமாட்சி! சம்பந்தி வண்டியில வைப்பர் தானா நின்னு போச்சு!"

என் மனைவி காமாட்சியம்மாள் வந்தாள். தறியில் அறுந்த இழையைப் பிணைப்பது அவள் வேலை. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்காமல் எதிலும் கை வைக்க மாட்டாள். நானோ அதற்குள் தறி மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு வைத்திருக்கும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதையாவது கழற்றத் தயாராக நின்றேன்.

"அதைக் கீழ வைங்க. மொதல்ல சுவிட்சைப் போடுங்க. சத்தம் வருதா?"

"வருது."

"அப்போ கரண்டு இருக்குது, மோட்டாரும் இருக்குது. கை ஆடல. நடுவுல எங்கயோ விட்டுப்போயிருக்குது." வைப்பர் கையின் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நாணயத்தால் நெம்பி எடுத்தாள். "இதோ பாருங்க. நட்டு லூசாயிடிச்சு. உள்ள தண்டு சுத்துது, கை நிக்குது. ரப்பர் கண்ணாடியோட ஒட்டிக்கினு இருக்கிறப்போ யாரோ போட்டு இழுத்திருக்காங்க."

யாரோ என்றபோது என்னைப் பார்த்தாள்.

"என்னாத்துல ஒட்டிச்சு இது?"

"காக்கா எச்சமா இருக்கும்."

"கண்ணாடி பூராவுமா? அவ்ளோ பெரிய காக்காவா?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் துடைக்கத் துணி தேடி டிக்கியைக் குடைந்துகொண்டிருந்தாள். ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து, அதிலிருந்த துணியை வெந்நீரில் நனைத்துக் கண்ணாடியில் தேய்க்க ஆரம்பித்தாள். படலம் கரைந்தது. துணி புரண்டபோது கரை தெரிந்தது.

நெற்கதிர்.

பிடுங்கி விரித்துப் பார்த்தேன். நான் நெய்த எட்டு முழ வேட்டி, துண்டு அளவுக்குச் சுருங்கி, ஜரிகை சுருண்டு, பளபளப்பெல்லாம் போய்க் கிடந்தது.

"என் வேட்டியைக் கார் துடைக்க வெச்சிருக்கான்யா அந்த ஆளு! வரட்டும் இன்னிக்கு!"

"சங்கரி இன்னா சொன்னா?" என்றாள் காமாட்சி.

வாயை மூடினேன். மூடிய வேகத்தில் கஞ்சி விஷயமும் உள்ளேயே தங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், வேண்டுமென்றேதான் தங்க வைத்தேன். தொட்டி நிறைய இருக்கிறது, போகிற வழியில் இழுத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். மழையில் வண்டி ஓட்டப்போகிறவர் மேல் அப்படி ஒரு எண்ணம் வந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மற்ற வேலை ஒழுங்காகவே நடந்தது. வைப்பர் கைகளைத் தூக்கி ரப்பரைத் துடைத்தோம். கையை அதன் இடத்தில் வைத்து நட்டை இறுக்கினேன். கண்ணாடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் போட்டால் வைப்பர் சமர்த்தாக ஆடியது. தண்ணீர் பீச்சும் துளைகளும் அடைத்திருந்தன. காமாட்சி வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்தித் திறந்தாள்.

"பீச்சிப் பாருங்க."

"மழை வரப்போவுது, விடு" என்றேன்.

நாலு மணிக்கு ராமலிங்கம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே அரைத் தார் வாழைப்பழம், ஒரு சிப்பம் புது அரிசி. காமாட்சி காபி கொடுத்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சூடு பார்க்காமல் இரண்டே மடக்கில் குடித்தார்.

"வண்டியில ஒரு சாமான் பார்க்கணும்" என்று எழுந்து போனார்.

நானும் பின்னாலேயே போனேன். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவினார். முகம் வெளுத்துவிட்டது. என் தோளில் கிடந்த வேட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதையா தேடுறீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, வேட்டியைத்தான் பார்த்தார்.

"கல்யாணம் முடிஞ்சு மறுவாரம் நானே மிஷின்ல போட்டுட்டேன் சம்மந்தி. சுடு தண்ணி, சலவைப் பொடி எல்லாம் போட்டு. அழுக்கு நல்லா போவட்டும்னு ரெண்டு சுத்து விட்டேன். எடுத்துப் பார்த்தா கோவணத்துக்கு ஆவும் போல இருந்துச்சு. நீங்க கையால நெய்ஞ்சு குடுத்தது. அதைக் கட்டாம உங்க வாசல்ல எப்படி வந்து நிக்கிறது? இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிடலாம்னு வண்டியிலயே வெச்சிக்கினு, டவுனுக்கு வரப்பெல்லாம் கடை கடையா ஏறி இறங்கினேன். நெல்லுக் கதிரு கரை எங்கயும் இல்லன்னுட்டாங்க."

இந்த மனிதரை ஆறு மாதமாக மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! முதுகு வலியும் உரமும் என் வேட்டிக்காகச் சொன்ன பொய்கள். என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிய கடைகளில் ஏறி இறங்கியவர், என் வாசலுக்கு வர வெட்கப்பட்டிருக்கிறார்.

நான் ஏதாவது சொல்வதற்குள், வேட்டியை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய் வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். தூறல் ஆரம்பித்திருந்தது. கண்ணாடி மங்கலாக இருக்கவே அவர் கை வைப்பர் பிடிக்குப் போனது. அப்போதுதான் எனக்குத் தொட்டி ஞாபகம் வந்தது.

"வேணாம் சம்மந்தி! இழுக்காதீங்க!"

பானெட்டின் மேல் சாய்ந்து இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் இழுத்துவிட்டார். காமாட்சியின் ஊக்கு துளைகளை எந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்ததோ தெரியாது, கஞ்சி கண்ணாடிக்குப் போகாமல் நேரே என் முகத்துக்கு வந்தது.

அவர் பதறி இறங்கி, அந்த வேட்டியாலேயே என் முகத்தைத் துடைத்தார். பிறகு துணியை மூக்கருகில் கொண்டுபோனார். நெல் பயிரிடுகிறவருக்கு அந்த வாசனை தெரியாதா?

"இது வடிச்ச கஞ்சி ஆச்சே?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேனைச் சொன்னேன், வேட்டியைப் பார்த்த கோபத்தைச் சொன்னேன், தெரிந்தே தொட்டியை அப்படியே விட்டதையும் சொன்னேன். வாசலில் நின்றிருந்த காமாட்சி, "அப்போ அந்தக் காக்கா?" என்றாள்.

ராமலிங்கம் கையிலிருந்த வேட்டியை விரித்துப் பார்த்தார்.

"சம்மந்தி, கஞ்சி வேட்டிக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

முதலில் சிரித்தது காமாட்சிதான். எங்கள் மூன்று பேர் சிரிப்பையும் கேட்டு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மழை வலுத்தது. தொட்டியிலிருந்த கஞ்சியை ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியே விட்டு, நல்ல தண்ணீரால் மூன்று தடவை அலசினோம். முடிக்கும்போது இருட்டிவிட்டது. அவர் இரவுச் சாப்பாட்டுக்கும் இருந்தார்.

புறப்படும்போது அவரை நிற்க வைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன்.

"பொங்கலுக்குள்ள அதே கரையில ஒண்ணு நெய்ஞ்சு தரேன். ஆனா நீங்க தொவைக்கக் கூடாது. அழுக்கானா நேரா இங்க எடுத்துக்கினு வரணும்."

"அப்போ வாரா வாரம் அழுக்காக்கிடுறேன்" என்றார் சம்பந்தி.