ஆலைக்குப் போகும் குழாய்

ஜெபகனி சீவலப்பேரியில் பிறந்து, ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதே அவளுக்குப் பாதி வேலையாக இருந்தது. லாரி வரும் நாளில் வேறெங்கும் போக முடியாது. மகள் ஸ்வீட்லினும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகத்தான் போவாள்.

அந்தப் பெண் கல்லூரி முடித்த வருஷம், வெளிநாட்டு வங்கி ஒன்றின் கடனில் குடிநீர்த் திட்டம் வந்தது. சீவலப்பேரியில் ஆற்றுக்குள் கிணறு இறக்கி, அங்கிருந்து ராதாபுரத்தைத் தாண்டி ஜெபகனியின் ஊர் வரை குழாய் பதித்தார்கள். வாசலில் முதல்முறை தண்ணீர் விழுந்த அன்று, வங்கியிலிருந்து வந்த பெண்மணி ஜெபகனியைக் குழாய்ப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். தண்ணீர் வந்ததை நம்பி ஊருக்கு வெளியே நூலுக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்றும் திறந்தார்கள். ஸ்வீட்லினுக்கு அங்கேயே அலுவலக வேலை கிடைத்தது.

ஜெபகனியின் அண்ணன் எபனேசருக்குச் சீவலப்பேரியில் வாழைத் தோட்டம். இரண்டாவது கோடையில் ஆறு வற்றியதும் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறவில்லை. குலை தள்ளிய வாழை வாடத் தொடங்கியது. ஆற்றுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதை நிறுத்தச் சொல்லி, விவசாயிகள் நீரேற்று நிலையத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். திட்டப் பொறியாளர் கணேஷ்ராம் பேச வந்தார்.

வங்கி அச்சிட்ட படம் ஒன்றை அவர் உயர்த்திக் காட்டினார். "இந்தம்மா முகத்தப் பாருங்க. இவங்க குடிக்குத தண்ணியவா நிறுத்தச் சொல்லுதீங்க?"

எபனேசர் எழுந்தார். "அது என் தங்கச்சி, சார்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவளுக்குத் தண்ணி வேண்டாம்னு நாங்க சொல்லல. போன மாசம் அவ வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. பக்கத்துல ஆலைக்குப் போற குழாய், ஆளே உள்ள நொழைஞ்சிரலாம் போல இருக்கு. அதுல தினமும் போகுது. அதப் பத்திச் சொல்லுங்க."

கணேஷ்ராம் படத்தை மடித்து வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறைக்காமல் சொன்னார்: "வீடுகள்ல வாங்குத தண்ணி வரிய வச்சு பம்புக்குக் கரண்டு பில்லுகூடக் கட்ட முடியாது, அண்ணாச்சி. ஆலை கட்டுத பணத்துலதான் வங்கிக்குத் தவணை போகுது. அத நிறுத்துனா கடன் அடைபடாம நிக்கும்."

"வாழை போச்சுன்னா எங்க கடனும் நிக்கும்லா, சார்."

பேச்சு மூன்று நாள் இழுத்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் முதலில் ஆலைக் குழாயை மூடுவது என்று கடைசியில் முடிவானது. உடனே மூடவும் செய்தார்கள். எபனேசரின் வாழையில் பாதிக்கு மேல் பிழைத்தது.

அடுத்த வாரம் ஜெபகனி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, தோட்டம் எப்படி இருக்கு?"

"தேறிரும். ஒனக்குத் தண்ணி வருதா?"

"வருது. ஆலைய மூடிட்டாங்க. ஸ்வீட்லின் வீட்லதான் இருக்கா. யாரு மேலயும் கோவமில்ல. நீங்க தெரிஞ்சுக்கிடணும்னுதான் சொன்னேன்."

தங்கை மகள் அந்த ஆலையில் வேலை பார்ப்பது எபனேசருக்குத் தெரியாததல்ல. கூட்டத்தில் பேசும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

சாரல் மழை தொடங்கி ஆற்றில் தண்ணீர் வந்தபின் ஆலையைத் திறந்தார்கள். பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். ஸ்வீட்லினைக் கூப்பிடவில்லை. அவள் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, சீவலப்பேரியில் மாமா வீட்டில் வந்து தங்கினாள். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். சம்பளம் முன்னைவிடக் குறைவு. நாள் முழுக்க நிற்க வேண்டும்.

ஒரு காலையில் இட்லி சாப்பிடும்போது கேட்டாள். "மாமா, அடுத்த கோடையிலயும் மூடச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

அவள் தலையாட்டினாள்.

"மூடுத நாளுக்கு அங்கன வேலை செய்யுத பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டான்னும் கேப்பேன்" என்றார் எபனேசர். "போன தடவ எனக்கு அது தோணல."

"கேளுங்க, மாமா. நானும் வாரேன். வேலை போனவங்களையும் கூட்டிட்டு வாரேன்."

கை கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்வீட்லின் பஸ்ஸுக்கு நடந்தாள்.