அரை மணி நேரம் படுக்கக் கூடாது

1

"மாத்திரை போட்டதும் எழுந்து நடக்கலாம்னு எனக்கும் தெரியும்," என்றாள் மாமியார். "பெட்டிக்குள்ள தாள் இருக்கே. முதல் வாரமே படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் அத்தை இத்தனை நாள் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

மருமகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"மெதுவாப் பேசு. மாமா முன் ரூம்லதான் இருக்கார்."

அந்தத் தாளை நானும் படித்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளிவிட்டு, அதேபோல பனியும் ரயிலும் வருகிற ஒன்றை எழுத உட்கார்ந்தேன். கையில் கிடைத்தது எலும்புத் தேய்மான மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்திருந்த தாள். அதுவும் மொழிபெயர்ப்புதான். 'காலையில் எதையும் உண்ணும் முன், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீருடன் விழுங்கவும். அதன் பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது.' ஒரு ஆள், ஒரு கெடு, ஒரு ஆபத்து. பனியை விட்டுவிட்டேன்.

2

மருமகள் பெண்கள் மருத்துவமனையில் நர்ஸ். காலையில் கர்ப்பிணிகளிடம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள் என்பாள். மதியம், மாதவிலக்கு நின்றவர்களிடம் எலும்பு மாத்திரையைப் பற்றிச் சொல்வாள். நாளைக்கு நாற்பது தடவை சொன்னாலும் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. மருந்து விஷயத்தில் அவள் பொய் சொன்னதே இல்லை. (ஒன்றைத் தவிர.)

ஐந்து வருடங்களுக்கு முன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பில் பலம் இல்லை என்று வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முதல் புதன்கிழமை மாத்திரை தொண்டையைத் தாண்டிய மறு நிமிடம், முன்னறையிலிருந்து மாமனாரின் குரல்: "டீ ஆச்சா?" மாமியார் மாவுக்கட்டுக் கையோடு எழுந்தாள்.

"அவங்க அரை மணி நேரம் எழுந்திருக்கவே கூடாது மாமா," என்றது மருமகளின் வாய். சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் மாமியார் வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினை ஒட்டி, ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

3

உட்கார்ந்து என்ன செய்தாள்? முதல் வரைவில் கடிதம் எழுத வைத்தேன். யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இரண்டாவதில், 'வெயில் ஜன்னல் கம்பிகளின் வழியே அவள் மடியில் கோடு கோடாக' —

இல்லை. அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது.

மூன்றாவதில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டேன். உடனே நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

மாமனார்தான் சரியாக வரவில்லை. முதலில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். ஆனால் கொடுமைக்காரர் யாராவது ஐந்து வருடம் டீக்காக வாய் திறக்காமல் காத்திருப்பாரா? இவர் காத்திருந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு. யாராவது மாமியாரைத் தேடி வந்தால், "மாத்திரை போட்டிருக்கா, தொந்தரவு பண்ணாதீங்க," என்று அவரே அதட்டுவார். முப்பத்தோராவது நிமிடம், "ஆச்சா?" என்பார்.*

* மாத்திரை எல்லாம் எதற்கு, 'கால் வலிக்குது' என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கிறாள், கல்யாணமான நான்காம் வருடம். "டீயைப் போட்டுட்டு உட்காரேன்," என்றார். அன்பாகத்தான்.

4

இந்த இடத்தில் மகன் வந்தான். அவனுக்குக் கொடுக்க வேலை எதுவும் இல்லாததால் அனுப்பிவிட்டேன்.

5

இன்று கடைசி மாத்திரை. நேற்று மருமகள்தான் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், போதும், நிறுத்திவிடலாம் என்றார். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கறேனே."

"வேண்டாம் அத்தை. ரொம்ப வருஷம் போட்டா அபூர்வமா தொடை எலும்பு முறிஞ்சு போகும். இதுவரைக்கும் போட்டது எலும்புலயே தங்கி வேலை செய்யும்."

"வேற மாத்திரை?"

"கால்சியம் இருக்கு. அதை விடாம போடணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"உட்காரவே வேண்டாம். சாப்பிட்டதும் போட்டுக்கிட்டு வேலையைப் பார்க்கலாம்."

"அதெல்லாம் ஒரு மருந்தா? ஊசி ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. உங்களுக்கு இப்போ அது தேவையில்ல."

"போட்டுக்கிட்டா?"

"பதினஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்வோம்."

மாமியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "வருஷத்துக்கு அரை மணி. டாக்டருங்க ரொம்பக் கஞ்சம்."

6

அந்தத் தாளில் பக்கவிளைவுகளை எத்தனை பேருக்கு வரும் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். இந்தக் கதைக்கான முடிவுகளை நானும் அப்படியே பிரித்துத் தருகிறேன்.

பலருக்கு வரக்கூடியது: மாமனாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த புதன்கிழமை ஆறரைக்கே டீ. நாற்காலியின் மேல் துணிக்கூடை.

சிலருக்கு: மாமனார் டீ போடக் கற்றுக்கொள்கிறார். (இதை அவருக்கே படித்துக் காட்டினேன். நம்பவில்லை.)

மிக அரிதாக: மாமியார் மாத்திரை இல்லாமலே போய் உட்காருகிறாள். கேட்டால், "உட்கார்ந்திருக்கேன்," என்கிறாள். இதைப் பன்னிரண்டு தடவை எழுதினேன். பன்னிரண்டு தடவையும் 'டீ' என்ற சொல் வந்ததும் எழுந்துவிட்டாள்.

'இங்கே குறிப்பிடாத விளைவு எதையேனும் கண்டால் தெரிவிக்கவும்' என்று அந்தத் தாள் முடிகிறது. நீங்களும் தெரிவியுங்கள். எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை.

7

முப்பதாவது நிமிடம். மாமியார் காலி மாத்திரை அட்டையை மருமகளிடம் நீட்டினாள்.

"தூக்கிப் போடாதே. டப்பாவிலேயே இருக்கட்டும்."

"எதுக்கு அத்தை?"

"புதன்கிழமை நான் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வந்து உட்கார்ந்துக்கறேன். ஒரு டம்ளர் முழுசா. அந்த அளவுக்காவது உண்மையா இருக்கும்."

"அத்தை, மருந்து விஷயத்துல நான்—"

"தெரியும். நாற்பது பேருக்குச் சொல்றவ."

முன்னறையில் கடிகாரத்தைக் கையில் கட்டும் சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம். மாமனார் பின்கதவில் வந்து நின்றார்.

"ஆச்சா? நேத்து டாக்டர் என்ன சொன்னார்? இந்த மாத்திரை இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

மருமகளைப் பார்த்துத்தான் கேட்டார். மருந்து என்றால் அவள் சொல்வதை மட்டும்தான் நம்புவார். மாமியார் இருவரையும் பார்க்கவில்லை. காலி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா கேக்கறார் இல்ல," என்றாள். "எவ்வளவு நாளைக்குன்னு நீயே சொல்லும்மா."