பேர் வராத பங்கு

சுண்ணாம்பு கல்லைப் பிடிக்க ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். காலை ஆறு மணிக்குப் பூசினால் பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்துவிடும். அந்த ஒன்பது மணித்தியாலமும் பாறைவாசலின் பெரிய கதவு திறந்திருக்கும். பிறகு ஒரு வருடத்துக்கு மூடியிருக்கும்.

பாறைவாசல் மூதூருக்கு எதிரே, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த மதில் நகரம். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மதிலில் ஒரு பங்கு உண்டு. வாடைக்காற்று தொடங்குமுன் வருகிற சுண்ணாம்பு நாளில் அந்த வீட்டார் வெறுங்கையால் அதைப் பூச வேண்டும். கூலியாள் பூசினால் ஒட்டாது. வீட்டார் எல்லோரும் போய்விட்டால் அவர்களுடைய பங்கு அடுத்த மாரியில் இளகி மணலாகக் கொட்டும். அந்த இடைவெளியால் கடல் உள்ளே வரும். தட்டார் தெருவும் வண்ணார் தெருவும் அப்படித்தான் கடலாயின.

பங்கைப் பூசுகிற பெண்ணுக்கு வாசல் வழிவிடாது. காவலுக்கு ஆள் இல்லை. அவளுடைய கால் வாசற்படியைத் தாண்டாது, அவ்வளவுதான். கணவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அல்லது பங்கு விழ வேண்டும்.

வெளியே போன ஆண்கள் சுண்ணாம்பு நாளில் மட்டும் திரும்பி வரலாம். வாசலில் நின்று பெயரைச் சொல்லி, ‘நிற்க வந்தேன்’ என்றோ ‘கூட்ட வந்தேன்’ என்றோ சொல்ல வேண்டும். வாசலுக்கு அடுத்த பங்கில் நிற்கும் பெண் அதைப் பக்கத்துப் பங்குக்காரியிடம் சொல்வாள். அவள் அடுத்தவளிடம். பெயர் மதில் வழியே மனைவியிடம் போய்ச் சேரும். கைச் சுண்ணாம்பு காயுமுன் அவள் வாசலுக்குப் போனால் ஏற்றுக்கொண்டாள். மூன்று மணி வரை போகாவிட்டால் மறுத்துவிட்டாள். அவன் திரும்பிப் போவான். மறுத்தவளிடம் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. எடுப்பது மதிலுக்குள் பெரிய இழிவு.

ஸல்ஹாவுக்கு ஒருமுறைகூடப் பெயர் வரவில்லை.

வெள்ளைக்காரரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு ஒரேயடியாகப் போய்விட்ட அந்த வருடம் அவளுடைய கணவன் ஹிஸ்புல்லாவும் போனான். கப்பல் தகடு ஒட்டுகிற வேலை தெரிந்தவன். ஒட்டுவதற்குக் கப்பல் இல்லை. கொழும்பில் வேலை பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றான். அப்போது லைலா வயிற்றில் இருந்தாள். அதன் பிறகு ஆண்கள் படகு படகாகப் போனார்கள். கடிதங்கள் வந்தன. ஆனால் வாசலைத் தாண்டும்போது எழுத்து அழிந்து வெறும் தாளாகிவிடும். அது எப்போதும் உள்ளது. முன்பெல்லாம் கடிதம் எழுத வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இன்று ஏழாவது சுண்ணாம்பு நாள்.

அவளுடைய பங்கு கிழக்கு மதிலின் கடைசி. அதற்கு அப்பால் விழுந்த பங்குகள், பிறகு கடல். மதில் வளைகிற மூலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்கள்தான் நின்றார்கள்: ஸல்ஹாவும், அவளுக்கு அடுத்த பங்குக்காரி கோணேஸ்வரியும். கோணேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயது. அவளுடைய கணவன் தம்பிராசா முதுகு முறிந்து ஆறு வருடமாகப் படுக்கையில். அவர்களுடைய வீடு மதிலின் காலடியிலேயே இருந்தது.

“உன்ர பக்கத்தைப் பார், ஆடு நக்கின மாதிரிக் கிடக்கு,” என்றாள் கோணேஸ்வரி.

“உங்கட பக்கம் ஆடும் கிட்ட வராதே அக்கா.”

“வாய் மட்டும் காயேல்ல உனக்கு.”

ஸல்ஹா சிப்பிச் சுண்ணாம்பைப் பனங்கட்டித் தண்ணீரில் குழைத்துக் கல் இடுக்குகளில் அழுத்தினாள். போன வருடம் சுண்டுவிரல் நுழைந்த இடுக்கில் இப்போது நடுவிரல் நுழைந்தது. பெருவிரல் நுழைய இன்னும் இரண்டு மாரி போதும் என்று நினைத்தாள். உள்ளங்கை எரிந்தது.

“அக்கா, இண்டைக்கு நான் செல்லப் போறன்.”

கோணேஸ்வரியின் கை நின்றது. என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கவில்லை. ஏழு சுண்ணாம்பு நாள் பெயர் வராத பெண் தன் பங்கின் அடியில் நின்று ‘அவர் வரமாட்டார்’ என்று மூன்று தரம் சொல்லலாம். அது உண்மையென்றால் பங்கு அந்த இடத்திலேயே இளகி விழும். அவள் போகலாம். பொய்யென்றால் ஒரு துகளும் விழாது. அப்படிச் சொல்லி விழுத்தியவர்கள் நகரத்தில் இரண்டு பேர். இரண்டு பேரையும் இன்றுவரை திட்டுகிறார்கள்.

“உனக்கென்ன விசரா?”

“லைலாக்கு ஏழு வயசாகப் போகுது. சரீப் வாத்தியாரும் மௌத்தாப் போயிட்டார். உள்ளுக்கு எழுத்துத் தெரிஞ்ச ஒரு ஆள் இல்ல. பாலர் புத்தகம் ஒண்டு படகில எடுப்பிச்சன், தெரியும்தானே. படம் மட்டும் வந்திச்சு. அவள் அந்த வெறுந்தாளை விரலால தடவித் தடவிப் பாக்கிறாள்.”

“எழுத்துத் தெரியாமல் நீ வாழேல்லையா? நான் வாழேல்லையா?”

“இதுவா அக்கா வாழ்க்கை?”

கோணேஸ்வரி ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளி இடுக்கில் அறைந்தாள். ஸல்ஹா தொடர்ந்தாள். தோப்பூரில் ஒரு தையல்கடைக்கு ஆள் தேவையாம். சாமான் மட்டும் உள்ளே வருகிற சின்னக் கதவடியில் படகுக்காரன் சொன்னான். கடைக்குப் பின்னால் ஓர் அறை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். பங்கு விழுந்தபின் அந்தக் கதவால் போய்விடலாம், படகுக்காரன் இன்று மாலை வரை நிற்பான்.

“என்ட பங்கு விழுந்தா உங்கட பங்கு சாயும், எனக்குத் தெரியும். அதுக்குத்தான் முன்னாலயே செல்றன். தம்பிராசண்ணனை மேற்குப் பக்கம் ஒரு வெறும் வீட்டுக்கு மாத்துவம். நானும் ஒரு பக்கம் தூக்குறன்.”

“மேற்கு மதில் மட்டும் எத்தினை நாளைக்கு? பிறகு அங்கயிருந்து எங்க தூக்குறது, கடலுக்கோ?”

“அப்ப நீங்களும் வாங்க.”

“எனக்கு மனுசன் உள்ளுக்கதான் கிடக்குது. என்ர கையை ஆர் பிடிச்சு வெளிய கொண்டுபோறது? அவருக்குத் தன்ர கையையே தூக்க ஏலாது.”

இரண்டு பேரும் பூசினார்கள்.

எட்டு மணியளவில் மூலைக்கு அப்பால் பெண்குரல் கேட்டது. முன்பு பங்குக்குப் பங்கு ஆள் நின்ற காலத்தில் பெயர் காதோடு காதாக வரும். இப்போது வெறும் பங்குகளைத் தாண்டிக் கூவ வேண்டியிருந்தது. அலைச் சத்தத்தில் ஸல்ஹாவுக்குச் சொல் விளங்கவில்லை. அவள் எழுந்தாள்.

“நீ இரு, உன்ர குழைச்சது இறுகப் போகுது,” என்று கோணேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு மூலைக்குப் போனாள். இந்த ஏழு வருடமும் அவள்தான் போய்வந்தாள். அவளுடைய பங்கு மூலையில் தொடங்குவதால் அது அவளுடைய வேலை. திரும்பி வந்தபோது இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“என்னவாம்?”

“கிணத்தடியில வாளி அறுந்து விழுந்திட்டுதாம். பாதாளக்கரண்டி இருக்கோ எண்டு கேக்கினம்.”

“பேர் ஒண்டும் இல்லையா?”

“பிள்ளை, ஆர் வரப் போறாங்கள் இந்தப் பாழுக்கு?”

ஸல்ஹா சிரித்தாள். எதிர்பார்ப்பு இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனாலும் மூலைப் பக்கம் இன்னொருமுறை பார்த்தாள். குந்தியிருந்து மீண்டும் குழைத்தாள்.

நண்பகலில் இலட்சுமியம்மா ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வந்தாள். வாசலுக்கு அருகே பங்குள்ளவள். தன் வேலை முடிந்துவிட்டது என்றாள். உப்பு ஏறாத கிணறு நகரத்தில் ஒன்றே ஒன்று. அதில் முதல் குடத்தை எல்லோரும் ஸல்ஹாவுக்குத்தான் விடுவார்கள். இரக்கத்தால் என்று ஸல்ஹா நினைத்தாள். அவளுக்கு அது பிடிப்பதில்லை.

“குடி மகள். உன்ர மனசு ஆருக்கும் வராது,” என்றாள் இலட்சுமியம்மா. சுண்ணாம்புக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். “கிழக்கு மதில் நிக்கிறது உன்னாலதான். நாங்கள் மறக்க மாட்டம்.”

“நான் என்ன செஞ்சன் அம்மா? வேற வழி இல்லாமக் கிடக்கிறன்.”

கிழவி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கோணேஸ்வரியைப் பார்த்தாள்.

“வெயில் ஏறுது, போங்கோ அம்மா,” என்றாள் கோணேஸ்வரி. “தலை சுத்தி விழுந்தால் தூக்க எங்களிட்டப் பெலன் இல்லை.”

கிழவி போனாள். மூலையில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு ஸல்ஹாவின் பங்கு பூசி முடிந்தது. விழுத்தப் போகிற மதிலை ஏன் முழுதும் பூசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாதியில் விடக் கை வரவில்லை. தன் வீட்டுப் பக்கம் போய் லைலாவைக் கூப்பிட்டு, உடுப்புப் பொட்டலத்தையும் வெறும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் திடலில் போய் இருக்கச் சொன்னாள்.

“உம்மா, படகில கால நனைக்க ஏலுமா?”

“ஏலும். இப்ப ஓடு.”

கை காயாமல் இருக்க வாளிக்குள் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். அவனுக்கு முழு நாளையும் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கடைசி நிமிடம் வரை. பிறகு அவன் தன்னைக் குறைசொல்ல முடியாது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் இருக்கையில் எழுந்தாள்.

“அண்ணனை எடுப்பம் அக்கா.”

“எடுத்தாச்சு.”

“எப்ப?”

“நீ லைலாவோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க. கிணத்தடிப் பொடியன் அஸீமும் தம்பிமாரும் பாயோட தூக்கிக்கொண்டு போட்டினம்.” கோணேஸ்வரி கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சொல்லுறதெண்டால் சொல்லு. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதை.”

“மன்னிச்சுக்கங்க.”

“சொல்லு பிள்ளை.”

ஸல்ஹா ஈரக் கையை மதிலில் வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே சுண்ணாம்பு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

“அவர் வரமாட்டார்.”

முதல் தரம் குரல் வெளியே வரவில்லை என்று நினைத்து உரக்கச் சொன்னாள்.

“அவர் வரமாட்டார். அவர் வரமாட்டார்.”

பின்னால் பாய்ந்து விலகினாள். தலையைக் கையால் மூடினாள். ஒரு காகம் மதிலில் வந்து இருந்தது. அலை வந்து போனது. இடுக்கிலிருந்து ஒரு மணல் துகள்கூட விழவில்லை.

மற்ற இரண்டு தரம் மட்டுமே எண்ணப்பட்டதோ என்று பயந்து நான்காவது தரமும் சொன்னாள். மதில் நின்றது. காகம் அலகைக் கல்லில் தீட்டியது.

அப்போது வாசல் மணி அடித்தது. மூன்று மணி. நகரத்தின் மறுபக்கத்தில் பெரிய கதவு கிரீச்சிட்டு மூடும் சத்தம் மதில் வழியாக அவளுடைய உள்ளங்காலுக்கு வந்தது.

அது அடங்கிய பிறகு, மதிலின் காலடியில் இருந்த வீட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. நீண்ட, சளி கலந்த இருமல். பிறகு தம்பிராசாவின் குரல்: “கோணேசு, கொஞ்சம் தண்ணி தா.”

ஸல்ஹா வீட்டைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே எட்டு அடி இருக்காது.

“அண்ணன் உள்ளுக்க.”

கோணேஸ்வரி வீட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

“மதில் விழுந்தா அவர்ட மேலதான் விழும். நீங்க அவரை எடுக்கல்ல. என்னைச் செல்லு எண்டு செல்லிட்டு, அவரைக் கீழ விட்டுட்டு நிண்டீங்க.”

“தண்ணி குடுத்திட்டு வாறன்.”

“நில்லுங்க.” ஸல்ஹா அவளுடைய கையைப் பிடித்தாள். இரண்டு பேரின் கையிலும் சுண்ணாம்பு காயத் தொடங்கியிருந்தது. “விழாது எண்டு உங்களுக்குத் தெரியும். எப்பிடித் தெரியும்?”

“கையை விடு.”

“எப்பிடி அக்கா தெரியும்?”

உள்ளே தம்பிராசா மறுபடி கூப்பிட்டான். கோணேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையையும் இழுக்கவில்லை. ஸல்ஹாவின் முகத்தைப் பார்த்தபடி, மதில் வழியே பெயர் சொல்கிற அதே உரத்த குரலில் சொன்னாள்:

“பேர் வந்தது. ஏழு வருசமும் வந்தது. இண்டைக்குக் காலமையும் வந்தது. ஹிஸ்புல்லா, கூட்ட வந்தேன்.”