இரண்டு வீட்டு மாத்திரை

செங்கல்பட்டுப் பள்ளி மைதானத்தில் மகள் வைஷாலி மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்ததும், ராகவன் கல்பாக்கம் ஆபீஸில் போட்டது போட்டபடி கிளம்பினான். செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் வழியில் எத்தனை பேரைத் திட்டினானோ, அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் ஜெயப்பிரியா அவனுக்கு முன்பே வந்திருந்தாள். விவாகரத்தாகி இரண்டு வருஷம். மகள் வார நாளில் கூடுவாஞ்சேரியில் அம்மாவிடம், சனி ஞாயிறு இவனிடம். பெற்றவர்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. எது சொல்வதானாலும் பதினைந்து வயசுப் பெண்தான் தூது. அப்படியொரு வீறாப்பு!

கட்டிலில் கிடந்தவளின் விரல்கள் நடுங்கின. நாலு மாசத்தில் ஒன்பது கிலோ இளைத்திருக்கிறாள், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஏதாவது மாத்திரை போடுகிறாளா என்று டாக்டரம்மா கேட்டார்.

தைராய்டு குறைவென்று தான்தான் ஒரு டாக்டரிடம் காட்டிக் கண்டுபிடித்து, மாசா மாசம் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்புவதாக ராகவன் பெருமையாகவே சொன்னான். ஜெயப்பிரியா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதே மாத்திரை, அதே அளவு. அவளும் வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள்.

அம்மாவிடம் மூச்சு விடாதே, அப்பாவுக்கு உன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையென்று கோர்ட்டுக்குப் போவாள் என்று சொல்லித்தான் ராகவன் மகளிடம் கொடுத்தான். அப்பாவிடம் சொல்லாதே என்று ஜெயப்பிரியாவும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். படித்த ஜென்மங்கள்! இரண்டு பேருமாகச் சேர்ந்து பெற்ற பிள்ளையை இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டார்களே.

"ஏம்மா, ரெண்டும் ஒரே மாத்திரைன்னு உனக்குத் தெரியாதா?" என்று வைஷாலியைக் கேட்டார் டாக்டரம்மா.

"தெரியும் டாக்டர். ஒண்ண விட்டா, ஒருத்தர் பேச்ச கேக்கலன்னு ஆயிடும்ல."

ராகவனுக்கு ஜெயப்பிரியாவிடம் ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது.

டாக்டரம்மா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். கொஞ்ச நாள் மாத்திரையே வேண்டாம், ரத்தம் சோதித்துப் பார்த்த பிறகு ஒன்று மட்டும்தான், அதுவும் ஒருவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்றார். யாரிடம் கொடுக்கட்டும் என்று வைஷாலியையே கேட்டார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பயந்துபோய் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே வெச்சுக்கங்க டாக்டர். தினம் ஸ்கூலுக்குப் போறப்ப நான் வந்து வாங்கிக்கறேன்."